நவம்பர் 2 மாலை கூடுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம். பத்திரிகையாளர்களைக் கொன்றவர்கள் தண்டனையின்றித் தப்புவதை எதிர்த்து ஐ.நா. அறிவித்த நாள் நவம்பர் 2. அன்று மாலை 5 மணிக்கு, மயிலாப்பூரில் நாம் வழக்கமாகக் கூடும் மாடியிலேயே சந்திக்கலாம்.

இந்த முறை இலங்கையில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்கள், அவர்களோடு நாடாளுமன்ற உறுப்பினர்கள் பற்றியும்தான் பேசப் போகிறோம். யாழ்ப்பாணத்தில் பத்திரிகையாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோதே சுடப்பட்டார். ஊரடங்கில் துப்பாக்கியோடு நடமாட யாரால் முடியும் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில், மட்டக்களப்பு தேவாலயத்துக்குள், மனைவியின் கண் முன்னே கொல்லப்பட்டார். அரசுத் தரப்பு வழக்கைத் தொடரவில்லை என்று சொல்லிவிட, 2021 ஜனவரியில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். கோயிலில் அத்தனை பேர் இருந்தும் இதுதான் முடிவு! எனக்கு இன்னும் ஆறவில்லை.

கொல்லப்பட்ட பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க, நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் ஆகியோரின் வழக்குகளையும் பார்ப்போம். பெங்களூரில் 2017-இல் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் பற்றி நேரம் இருந்தால் பேசலாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: இறந்தவர்களின் உடல் படங்களைக் குழுவில் போடாதீர்கள், அவர்கள் எழுதியதை, பேசியதைப் போடுங்கள். யார் கொன்றது என்று நீதிமன்றத்தில் நிரூபணமாகாத பெயர்களையும் இங்கே எழுத வேண்டாம்.

வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், நாற்காலி எடுக்க வேண்டும்.