ஒரே நாளில் மூன்று முடிவுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2024-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நடந்த காஸா போர் எதிர்ப்புக் கூடாரப் போராட்டங்கள் பற்றிய கட்டுரையை உங்கள் இதழில் படித்தேன். கட்டுப்பாடில்லாத கூட்டம் என்பதால் போலீஸை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்ற தொனியில் அது முடிகிறது. நடந்தது அப்படியல்ல.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஏப்ரல் 17 விடியுமுன், பட்லர் நூலகத்துக்கு எதிரே கிழக்குப் புல்வெளியில் கூடாரங்கள் எழுந்தன. மறுநாளே போலீஸ் புகுந்து நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அவர்கள் அமைதியாக இருந்தார்கள், எதிர்ப்புக் காட்டவில்லை என்று சொன்னவர் நியூயார்க் காவல் துறையின் உயர் அதிகாரியே. கைது நடந்துகொண்டிருக்கும்போதே வேறு மாணவர்கள் பக்கத்து மேற்குப் புல்வெளியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

முகாமை அமைதியாக வைத்திருப்பது முழுநேர வேலை. விதிகளைச் சொல்லித்தான் உள்ளே விடுவார்கள்: மது, போதைப்பொருள் கூடாது, குப்பை போடக்கூடாது, அனுமதியில்லாமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது, இஸ்ரேல் ஆதரவு எதிர்த்தரப்பினர் வந்து கத்தினால் பதில் பேசக்கூடாது. கடைசி விதியைக் காப்பதுதான் கடினம். அதற்காகவே பளிச்சென்ற மேலங்கி போட்ட தொண்டர்கள் நடுவே நின்று, எதிர்த்தரப்புக்கு முதுகைக் காட்டித் தங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். படம் எடுக்கத் தடை விதித்ததற்கும் காரணம் உண்டு. 2023 அக்டோபரிலேயே மாணவர்களின் முகத்தையும் பெயரையும் பெரிய திரையில் காட்டியபடி லாரிகள் ஹார்வர்டையும் கொலம்பியாவையும் சுற்றின.

கூடாரம் அடிப்பதிலும் நுணுக்கம் இருக்கிறது. புல்லுக்கடியில் நீர்த்தெளிப்புக் குழாய்கள் ஓடும் இடத்தில் முளை அடித்தால் குழாய் உடையும். சொத்துச் சேதம் என்று இன்னொரு குற்றச்சாட்டு சேரும். தானாக நிற்கும் சிறு கூடாரங்களை வைத்து, மூலைகளில் தண்ணீர்க் கேனைப் பாரமாக வைப்பது நல்லது. அடியில் விரிக்கும் தார்ப்பாயின் ஓரம் வெளியே நீண்டால் மழைநீர் அதில் தேங்கி உள்ளே வரும், மடித்துவிட வேண்டும். அடுப்பு மூட்டக்கூடாது, சாப்பாடு சமைத்தே வர வேண்டும். தீயணைப்பு வண்டிக்கு வழி விடாத முகாம், காலிசெய்யச் சொல்ல நிர்வாகத்துக்குத் தானே காரணம் கொடுக்கிறது. பக்கத்துக் கட்டடத்தைப் பூட்டிவிட்டால் கழிப்பறைக்கு எங்கே போவது என்பதை முதல் நாளே யோசிக்காதவர்கள் சீக்கிரம் தள்ளாடுவார்கள்.

இவ்வளவு கவனமாக இருந்தாலும் விதியே மாறலாம். இந்தியானா பல்கலைக்கழகத்தின் டன் புல்வெளி 1969 முதல் கூட்டம் கூடுவதற்கென்றே ஒதுக்கப்பட்டது. கூடாரம் எழுவதற்கு முந்தின நாள், கூடாரம் போன்ற தற்காலிகக் கட்டமைப்புகளுக்கு முன் அனுமதி கட்டாயம் என்று நிர்வாகம் திருத்தியது. அடுத்த நாள் கைது. கூரைமேல் குறிபார்த்துச் சுடும் போலீஸ்காரர். அத்துமீறி நுழைந்ததாகப் போட்ட வழக்குகளை மாவட்ட அரசு வழக்கறிஞர் பின்னர் கைவிட்டார்.

உங்கள் கட்டுரையாளர் ஏப்ரல் 30-ஆம் தேதியை மட்டுமாவது உற்றுப் பார்க்கட்டும். பிரவுன் பல்கலைக்கழகம் மாணவர்களுடன் பேசி, இஸ்ரேலுடன் தொடர்புள்ள நிறுவனங்களிலிருந்து தன் முதலீட்டை விலக்கும் தீர்மானத்தை அக்டோபரில் ஆட்சிக்குழுவின் வாக்கெடுப்புக்கு விட ஒப்புக்கொண்டது. அன்று மாலையே மாணவர்கள் கூடாரங்களைத் தாங்களே பிரித்தார்கள். அக்டோபரில் தீர்மானம் தோற்றது, ஆனால் கூடாரத்தை அகற்ற ஒரு லத்திகூட வேண்டியிருக்கவில்லை. அதே இரவில் கொலம்பியாவில், மாணவர்கள் கைப்பற்றியிருந்த ஹாமில்டன் மண்டபத்துக்குள் கவசப் போலீஸ் நுழைந்தது. அதே இரவில் லாஸ் ஏஞ்சலஸின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் எதிர்த்தரப்பினர் பட்டாசும் கட்டைகளும் கொண்டு முகாமைத் தாக்க, மணிக்கணக்கில் யாரும் தடுக்கவில்லை. அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி மே மாதத்தில் ஐந்தே நாளில் பேசி முடித்தது. ஆக்கிரமிப்புக் குடியிருப்புகளில் இயங்கியதாக ஐ.நா. பட்டியலிட்ட இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து முதலீட்டை விலக்கவும் ஒப்புக்கொண்டது.

மாணவர் தரப்பில் தவறே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கொலம்பியாவில் முன்னின்ற ஒரு மாணவர் முன்பு பேசிய வெறுப்புப் பேச்சின் காணொளி வெளியாகி, நிர்வாகம் அவரை வளாகத்துக்குள் வரவிடாமல் தடுத்தது. யூத மாணவர்களின் அச்சத்தைப் பொய்யென்று ஒதுக்கவும் கூடாது. அதே முகாமில் ஏப்ரல் 22 அன்று யூத மாணவர்கள் தங்கள் பாஸ்கா பண்டிகை விருந்தை நடத்தியதையும் சேர்த்தே எழுத வேண்டும். ஹாமில்டன் மண்டபத்தின் கண்ணாடியை உடைத்துப் புகுந்தது வேறு, புல்வெளியில் தங்கியிருந்தது வேறு. கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோருக்காக இன்னொன்று. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவரை இடைநீக்கம் செய்தால் சேர்க்கை முறிகிறது. அதோடு தங்கும் தகுதியும் போகக்கூடும். வழக்கு தள்ளுபடியானாலும், அடுத்த விசா விண்ணப்பம் எப்போதாவது கைதானதுண்டா என்றே கேட்கிறது. ஆம் என்றுதான் எழுத வேண்டும். ஆகவே வெளிநாட்டு மாணவர்கள் கலையச் சொல்லும் கடைசி அறிவிப்பு வரும்போது எந்தப் பக்கம் வெளியேறுவது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். பல முகாம்களில் கைதாகத் துணிந்தவர்களையும் துணியாதவர்களையும் தொடக்கத்திலேயே பிரித்துவைத்ததும் இதற்காகத்தான்.

அடுத்த இதழில் ஹாமில்டன் மண்டபம் பற்றிய பகுதியைத் திருத்தி, பிரவுன், டிரினிட்டி ஒப்பந்தங்களையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகர்,
திருச்சி