கண் அறுவைக்குப் பிந்திய பராமரிப்புத் தாளைத் தமிழிலும் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்: பாகான் டாலாம், மாக் மண்டின் வட்டார நோயாளிகளின் குடும்பத்தார் சார்பில்

பெறுநர்: மருத்துவமனை இயக்குநர் அவர்கள், பினாங்கு

பொருள்: முன்பு அளித்த மனுக்களுக்குப் பதில் இல்லாமை குறித்து

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையை மலாயில் எழுதிப் புகார் முகப்பில் கொடுத்தோம், மின்னஞ்சலிலும் அனுப்பினோம். 'பெற்றுக்கொண்டோம்' என்ற முத்திரைக்கு மேல் எதுவும் வரவில்லை. தாங்கள் தமிழ் வாசிப்பவர் என்பதால் இம்முறை தமிழிலேயே எழுதுகிறோம். மலாய்ப் பிரதியையும் இணைத்துள்ளோம்.

எங்கள் பக்கமிருந்து கண் சிகிச்சைப் பிரிவுக்கு எப்படிப்பட்ட முதியவர்கள் வருகிறார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. பெரும்பாலோர் தோட்டத்தில் பால்மரம் (ரப்பர்) வெட்டியவர்கள். மலாய் பேசுவார்கள், வாசிக்க வராது. ஆனால் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். தமிழ் நாளிதழை மரண அறிவித்தல் வரை விடாமல் படிப்பவர்கள். தங்களின் கனிவான கவனத்துக்கு:

1. கண்புரை அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது தரப்படும் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே உள்ளது. அதுவும் நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன பொடி எழுத்தில். கண்ணை மூடிக் கட்டியவர் கையில் இதைக் கொடுக்கிறார்கள்.

2. சொட்டு மருந்துப் புட்டிகளும் அப்படியே. வலக்கண்ணா, இடக்கண்ணா, நாளைக்கு எத்தனை தடவை, எதைக் குலுக்கிவிட்டு ஊற்ற வேண்டும், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிடம் விட வேண்டும் என்பதெல்லாம் தமிழில் இல்லை.

3. என் தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல். அறுவை நன்றாகவே நடந்தது. மருத்துவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு தாதி வந்து மலாயில் மளமளவென்று விளக்கினார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். (நம் வீட்டுப் பெரியவர்கள் சீருடைக்காரர் முன்னால் 'புரியவில்லை' என்று என்றைக்குச் சொல்லியிருக்கிறார்கள்?) பிள்ளைகள் நாங்கள் ஜொகூரில் வேலை செய்கிறோம். மறுநாள் காலையே குழாயடியில் முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கிறார். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்திருக்கிறார். தண்ணீர் கண்ணுக்குள் போகக் கூடாது, தூள் விழக் கூடாது என்று அவருக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. கண் சிவந்தது. 'அறுத்த கண் வலிக்கத்தானே செய்யும்' என்று, அட்டையில் எழுதிய தேதி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். அதற்குள் கண்ணுக்குள்ளேயே கிருமித் தொற்று. கண்ணிலேயே ஊசி போட்டார்கள். இன்று அந்தக் கண்ணுக்கு எதிரே ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்பது தெரியவில்லை. 'வலி, சிவப்பு, பார்வை மங்கல் இருந்தால் அன்றைக்கே வரவும்' என்பது அந்தத் தாளின் கடைசி வரி, ஐயா. அம்மா அதை நாலாக மடித்து அடையாள அட்டையோடு கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தார். 'தாளைப் படிக்கவில்லையா?' என்று வார்டில் அவரிடமே கேட்டார்கள். படிக்கும்படியாகவா கொடுத்தீர்கள்?

4. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நாட்டிலுள்ள இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று சொன்னது. நீரிழிவு உள்ளவர்களுக்குக் கண்புரையும் சீக்கிரம் வரும், தொற்று அபாயமும் கூடுதல். அப்படியென்றால் அந்தத் தாளை மற்ற எவரையும்விட வாசித்தே ஆக வேண்டியவர்கள் யார்?

5. முடியாத காரியம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2020இல் கோவிட் பரவி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கூடல் இடைவெளி, கைகழுவுதல் எல்லாம் தமிழில் வந்தன. டெங்கிக்கும் தமிழில் சுவரொட்டி பார்த்திருக்கிறோம். கொசுவுக்குக் கிடைத்த தமிழ் கண்ணுக்குக் கிடைக்காதா? மொழிபெயர்க்கத்தான் ஆளில்லை என்றால், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் எங்களிடம் இருக்கிறார்கள், காசு வேண்டாம் என்கிறார்கள். உங்கள் மருத்துவர் ஒருவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். இப்போது என்ன நடக்கிறது? கூடம் கூட்டும் அக்காவைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து தெரிந்ததைச் சொல்கிறார், பாவம். அது அவர் வேலையா?

6. தமிழில் ஒரு தாள், பெரிய எழுத்தில். அவ்வளவுதான் கேட்கிறோம்.

சொட்டு மருந்து முறை, செய்யக் கூடாதவை, உடனே வர வேண்டிய அறிகுறிகள், இரவிலும் அழைக்கக்கூடிய ஒரு தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டு, நோயாளி வார்டை விட்டுப் போகும்முன் கையில் கொடுக்கும்படி உத்தரவிட வேண்டுமென மீண்டும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம். மற்றொரு முத்திரை எங்களுக்கு வேண்டாம். அம்மாவின் இடக்கண் அறுவைக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன்பாவது அந்தத் தாளைத் தயார் செய்யுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாகான் டாலாம் வட்டாரக் குடும்பத்தார்