வெள்ளப் பதிவே இல்லாத ஊரிலிருந்து ஒரு திறந்த மடல்

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறையில் வடிகாலையும் பேரிடர் ஏற்பாடுகளையும் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் பழைய தோட்டத்தை ஒட்டிய செம்பனை நிலத்தில் வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது. அதற்காகத் தயாரித்த வடிகால் அறிக்கையைக் குடியிருப்பாளர் கூட்டத்தில் திரையில் காட்டினார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அதில் ஒரே வரி: ‘குறிப்பிடத்தக்க வெள்ளப் பதிவு இல்லை.’ அந்த வரியைப் பற்றித்தான் இந்த மடல். வீடு கட்டவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளிலேயே சிலர் அங்கே வீடு வாங்கக் காத்திருக்கிறார்கள்.

2017 நவம்பர் 4ஆம் தேதி இரவைப் பினாங்கில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். விடிய விடியக் காற்றும் மழையும். மாநிலத்தில் ஏழு உயிர்கள் போயின, இராணுவத்தைக் கூப்பிட வேண்டி வந்தது. இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கும். அன்று எங்கள் லயத்தில் முட்டிக்கு மேல் தண்ணீர் நின்றது உங்கள் கோப்பில் இருக்காது. கிழவிகளையும் குழந்தைகளையும் கோயில் மண்டபத்தில் ஏற்றினோம். அங்கேயே சோறு பொங்கிச் சாப்பிட்டோம். ஞாயிறு சாயங்காலம் தண்ணீர் வடிந்தது. ஆளுக்கொரு துடைப்பத்தால் சேற்றைத் தள்ளிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டோம். அரசாங்க நிவாரண மையத்தில் எங்களில் ஒருவர்கூடப் பெயர் கொடுக்கவில்லை. நம் கோயில் இருக்கும்போது வேறிடத்தில் போய்ப் படுப்பதா என்ற ரோஷமும் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன். மையத்தில் பெயர் இல்லையென்றால் கணக்கில் ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் வெள்ளம் எப்படிப் பதிவாகும்?

பெரிய ஊர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கியது. அதே ஆண்டு நாட்டுக்கே ஒரு நிரந்தர வெள்ளத் தடுப்பு ஆணையம் வந்தது. பின்னாளில் வெள்ளநீரைத் திருப்பிவிட 9.7 கிலோமீட்டர் நீளச் சுரங்கமும் வந்தது. பினாங்கில் 52 பேரைக் கொண்டுபோன 2004 சுனாமி எல்லார் நினைவிலும் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். அப்போது நடப்பில் இருந்த தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு பேரிடரை மாவட்டம், மாநிலம், தேசம் என்று மூன்று நிலையாகப் பிரித்தது. இரண்டு வரிசை லயத்தில் முட்டியளவு தண்ணீர் அந்த முதல் படிக்கே எட்டியிருக்காது. ஆனால் நாங்கள் அதே இரண்டு வரிசையில்தான் மூன்று தலைமுறையாகக் குடியிருக்கிறோம்.

பதிவு எங்கே என்று கேட்டால், ஒரு காலத்தில் தோட்டத்து ஆபீசில் இருந்தது. கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், தினமும் காலையில் மழைமானியில் விழுந்த தண்ணீரை அளந்து புத்தகத்தில் எழுதுவார். மழை பெய்தால் ரப்பர் பால்வெட்டு இல்லை. மழைக் கணக்கு தோட்டத்துக்குப் பணக் கணக்கு. தோட்டம் கைமாறி ஆபீசைக் காலி செய்தபோது அந்தப் புத்தகங்கள் பழைய பேப்பர் லாரியில் ஏறியதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது எங்கள் பெரியவர்களின் வாய்க் கணக்கு. கங்காணி வீட்டுப் பசுவை அடித்துக்கொண்டு போன வெள்ளம், கித்தா (ரப்பர்) மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்ட வருசத்து வெள்ளம், மூன்றாம் வீட்டு அக்கா பிறந்த அன்று வந்த வெள்ளம். சிரிக்காதீர்கள். அக்காவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்தால் தேதி கிடைத்துவிடும். அந்தத் தேதியை உங்கள் மழைப் பதிவோடு வைத்துப் பாருங்கள்.

எழுத்தாகவும் ஒன்று உண்டு. தண்ணீர்த் தொட்டியின் தூணில், பழைய மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஒருவர் வெள்ளம் ஏறிய மட்டத்துக்குத் தாரால் இழுத்துவிட்ட கோடு. 2017இல் தண்ணீர் அந்தக் கோட்டுக்கு நான்கு விரல் மேலே நின்றது. ஒரு சர்வேயர் வந்து, கடல் மட்டத்திலிருந்து அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று அளந்து கொடுத்தால், ‘பதிவு இல்லை’ என்று இனி யாரும் எழுத முடியாது.

அடுத்தது தண்ணிக்கதவு. கரும்பு போட்ட காலத்திலிருந்தே இந்தப் பக்கத்துத் தாழ்நிலத் தோட்டங்கள் கரையாலும் வாய்க்காலாலும் பிழைத்தவை. எங்கள் வாய்க்கால் ஆற்றில் சேரும் இடத்தில், மேல்விளிம்பில் கீல் வைத்த கதவு தொங்குகிறது. கடல் வற்றும்போது உள்தண்ணீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு போகும். கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் அதை அழுத்தி மூடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம் என்பார்கள். ஆள் வேண்டும். ஒரு மட்டை குறுக்கே சிக்கினால் போதும், கதவு பாதி திறந்தே கிடந்து ஆற்றை உள்ளே விடும். தோட்டம் இருந்தவரை அதைப் பார்ப்பதற்கே ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நிலத்தைத் துண்டு துண்டாக விற்றபோது கதவை யாரும் வாங்கவில்லை.

கதவு ஒழுங்காக மூடினாலும் ஆபத்து உண்டு. நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அதிகம் ஏறுகிறது. அந்த நேரத்தில் கனமழை பிடித்தால் உள்ளே விழும் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது. 2017 நவம்பர் 4 பௌர்ணமி. புதிய திட்டங்கள் தங்கள் மழைநீரைத் தங்கள் குளத்திலேயே தேக்கி மெல்ல வெளிவிட வேண்டும் என்று உங்கள் மழைநீர் வடிகால் கையேடு சொல்கிறது, நல்லது. எங்கள் பக்கத்துத் திட்டத்திலும் குளம் வரைந்திருக்கிறார்கள். அந்தக் குளமும் இதே வாய்க்காலில்தான் கலக்கிறது. கதவு மூடிக்கிடக்கும் மணிநேரங்களைக் கணக்கில் சேர்த்தீர்களா என்று கூட்டத்தில் கேட்டதற்கு, குறித்துக்கொள்வதாகச் சொன்னார்கள்.

ஆகவே எங்கள் வேண்டுகோள்: அந்த வரியை நீக்கிவிட்டு, எங்கள் வெள்ளங்களைக் கேட்டு எழுதிச் சேருங்கள், குளத்தின் கணக்கை அதன் பிறகு மறுபடி போடச் சொல்லுங்கள், கதவு யார் பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள்.

வருவதானால் அமாவாசையை ஒட்டி, கடல் ஏறும் நேரத்தில் வாருங்கள்; கதவு மூடுவதை நேரிலேயே பார்க்கலாம். தார்க்கோடு உள்ள தூண் புதுச் சாலைக்காக இடிபடும் என்று சொல்கிறார்கள், அதற்குள் அளந்துவிடுங்கள். பசு போன வெள்ளத்தைக் கண்ட பாட்டி தீபாவளி முடிந்ததும் ஜொகூரில் மகன் வீட்டுக்குப் போகிறார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், உரக்கப் பேசுகிற ஆளாக அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தோட்டத்துப் பிள்ளைகளில் ஒருவன்