வெறுங்கைக்கும் புதையலில் பங்கு வேண்டும்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதாபாத்திரங்களாக ஆடும் மேசை ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர்களுக்கு,

வணக்கம். போன வாரம் எங்கள் ஆட்டத்தில் ஒரு புதையல் பெட்டி திறந்தது. போர்வீரனான ஃபைட்டருக்கு +2 பெரிய வாள் (அடி படுவதற்கான பகடையிலும் அடியின் அளவிலும் இரண்டு கூடும்). விசார்டுக்கு ஒரு மந்திரக்கோல். வெறுங்கையால் சண்டை போடும் மங்க் ஆடும் தம்பி மெதுவாக, "கையில சுத்திக்கிற மாதிரி ஏதாவது இருக்கா?" என்று கேட்டான். இல்லை. காயம் ஆற்றும் மருந்து இரண்டு குப்பி கிடைத்தது. பென்சிலால் அதைத் தன் தாளில் எழுதிக்கொண்டான். எனக்கு மனசு கேட்கவில்லை.

மங்க் பலமில்லாத கிளாஸ் (பாத்திர வகை) என்று விதிப்புத்தகத்தைத்தான் எல்லோரும் குறை சொல்கிறோம். 2014 விதிப்படி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இருவரும் ஐந்தாம் லெவல், திறமைக்காக ஒவ்வொரு அடியிலும் இருவருக்கும் +4. ஒரு சுற்றில் ஃபைட்டருக்கு இரண்டு அடி, மங்குக்கு மூன்று. ஃபைட்டரின் பெரிய வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. கூட 4 சேர்த்து இரண்டு வெட்டுக்கு 22. மங்கின் கைக்கு ஒரு ஆறுமுகப் பகடை, சராசரி 3.5. கூட 4 சேர்த்து மூன்று அடிக்கு 22.5. (கீ புள்ளியையும் ஆக்‌ஷன் சர்ஜையும், அதாவது அளவாக மட்டுமே பயன்படுத்த முடிகிற கூடுதல் திறன்களை, இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன்.) எல்லா அடியும் பட்டால் இருவரும் சமம்!

இந்தச் சமநிலை குலைவது நீங்கள் பெட்டியைத் திறக்கும்போதுதான். +2 வாள் வந்ததும் ஃபைட்டர் 26-க்குப் போய்விடுகிறார். அடி படுவதற்கும் இருபதுமுகப் பகடையில் இரண்டு குறைவாக விழுந்தால் போதும். மங்க் அதே 22.5-இல் நிற்கிறான்.

"ஆறாம் லெவலில் அவன் கையே மந்திர ஆயுதம் ஆகிவிடுகிறதே" என்பீர்கள். சாதாரண ஆயுதத்தின் அடியைப் பாதியாக்கும் எதிரிகளிடம் அது உதவும், உண்மைதான். ஆனால் பகடையில் அது ஒரு புள்ளிகூடக் கூட்டுவதில்லை. "அடி அதிகம், ஒவ்வொன்றிலும் கூட்டினால் எங்கேயோ போய்விடுமே" என்ற பயமும் நியாயமானதுதான். அதனால்தான் +2 கேட்கவில்லை, +1 போதும் என்கிறேன். மூன்று அடிக்கு 25.5 வருகிறது. வாளுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான், தாண்டவில்லை.

2014-இல் வந்த உங்கள் கையேட்டில் +1, +2, +3 ஆயுதங்கள் இருந்தன, வெறுங்கைக்கு அப்படி ஒன்றும் இல்லை. 2020-இல் வெறுங்கைக்கு +1 தரும் ஒரு மந்திரப் பச்சை குத்தல் வந்தது. கையில் சுற்றும் துணிப்பட்டை 2024 கையேட்டில்தான் வந்து சேர்ந்தது. பழைய விதியில் ஆடுகிறவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எதுவும் உடையாது.

அப்புறம் இன்னொன்று. வாசலில் ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் அரசவைக் காட்சி ஒன்றை எப்போதாவது வையுங்கள். மங்க் இல்லாதவர் குத்தினால் 1-உடன் உடல்வலுவுக்கான கூடுதல் புள்ளியைக் கூட்டினால் வருவதுதான் மொத்த அடி. அந்த இடத்தில் எல்லோரும் தம்பியைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அடுத்த பெட்டியை நிரப்புவதற்கு முன்னால் உங்கள் மேசையில் வெறுங்கையோடு ஆடுபவர் யார் என்று ஒருமுறை பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மேசையில் ஃபைட்டர் ஆடுபவன்