பழைய கணினியை ‘ஓடுதா’ என்று பார்க்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் இருப்புக் கணக்கு எடுக்கும்போது நெல்லைப் பக்கத்துப் பள்ளிகள், பாலிடெக்னிக்குகள், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுகள் எல்லாம் பரணில் கிடக்கும் பழைய கணினிகளைக் கீழே இறக்குகின்றன. ஏலம் எடுக்க வருபவர் “ஓடுதான்னு பாப்போம்” என்று பிளக்கைச் சொருகுகிறார். இருபது முப்பது வருடம் மின்சாரமே பார்க்காத இயந்திரம் பெரும்பாலும் அந்த ஒரு நிமிடத்தில்தான் போய்விடுகிறது. அதன்பின் அது ஆக்கர்கடைக்குத்தான். பாதிக்கு மேல் தடுக்கக்கூடிய இழப்பு இது.

காரணம் பவர் சப்ளையில் இருக்கிறது. கரண்ட் உள்ளே நுழையும் இடத்தில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகம்) இருக்கும். 80-களில் வந்த பல சப்ளைகளில் அது உலோகப் பூச்சிட்ட காகிதத்தால் ஆனது. மேலே மஞ்சளாக, உள்ளே தெரியும்படி பிசின் உறை. நாளாக ஆக உறையில் மயிரிழை வெடிப்பு விழும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் அதன் வழியே காகிதத்துக்குள் இறங்கும். 230 வோல்ட் பட்டதும் வெடித்து, அறை முழுக்க நாற்றமடிக்கும் புகை. 1984-ல் மத்திய அரசு பள்ளிகளுக்காகத் தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் கொடுக்கப்பட்ட பிபிசி மைக்ரோ கணினிகளில் இது மிகச் சாதாரணமாக வரும் கோளாறு. அதில் இப்படி இரண்டு உண்டு: 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்று, 0.01 ஒன்று. கழற்றிவிட்டு அதே மதிப்பில், உடம்பில் ‘எக்ஸ்2’, 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட புதியதைப் போட வேண்டும். சாதாரண டிசி கெப்பாசிட்டர் அந்த இடத்தில் ஆபத்து.

சப்ளையைத் திறக்கும் முன் இன்னொன்று. பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் நிற்கலாம். ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பொறி கிளப்பக் கூடாது. 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இரு முனைக்கும் நடுவே அரை நிமிடம் பிடித்துவிட்டு மீட்டரில் பாருங்கள். மேல்பக்கம் உப்பிய கெப்பாசிட்டர்களை 105 டிகிரி வெப்பம் தாங்கும் ரகத்தால் மாற்றுங்கள்.

அடுத்தது பேட்டரி. 386, 486 ரகப் பழைய பிசிக்களின் மதர்போர்டுகளில் நீலம் அல்லது பச்சை நிறத்தில் உருளையாக 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி இருக்கும். அது கசிந்தால் பச்சை பூத்து, செம்புத் தடங்களை அரித்துக்கொண்டே போகும். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதை இன்றே வெட்டி எடுத்துவிடலாம். கசிவு காரத்தன்மை உள்ளது என்பதால் வினிகரை, இல்லையென்றால் எலுமிச்சைச் சாற்றை, பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேயுங்கள். பிறகு பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். அரித்த தடங்களை மீட்டரின் பீப் ஒலியில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, அறுந்ததை மெல்லிய வயரால் இணைக்கலாம். மாற்றாக லித்தியம் காசு பேட்டரியை நேராகப் பற்றவைத்துவிடாதீர்கள். போர்டு அதைச் சார்ஜ் செய்யப் பார்க்கும்; வெடிக்கும். இடையில் ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) கட்டாயம்.

இவ்வளவும் முடிந்த பிறகே கரண்ட். அதுவும் நேராக அல்ல. டிவி மெக்கானிக்குகள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில் 100 வாட் குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். அந்தக் காலப் பிசிக்களில் இருந்த ‘ஏடி’ ரக சப்ளைகளில் பல, லோடு (மின்சாரம் இழுக்கும் ஏதாவது ஒன்று) இல்லாமல் கிளம்பாது. 5 வோல்ட் லைனில் 4.7 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போதும்; சூடாகும், தொடாதீர்கள். 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே நின்றால் மட்டும் மதர்போர்டில் மாட்டலாம். அங்கே வரும் இரண்டு கனெக்டர்களின் கறுப்பு வயர்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து இருக்க வேண்டும். மாற்றிச் செருகினால் அவ்வளவு உழைப்பும் ஒரு நொடியில் வீண்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் தாமிரபரணித் தண்ணீர் புகுந்த கட்டடங்களிலும் இப்படி இயந்திரங்கள் கிடக்கின்றன. வண்டல் காய்ந்து ஒட்டிவிட்டதே என்று கைவிட வேண்டாம். பேட்டரி நீக்கிய போர்டை சோப்புத் தண்ணீரில் கழுவி, டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் ஃபேனுக்கு முன் பல நாள் வைத்தால் பெரும்பாலும் மீளும். டிரான்ஸ்ஃபார்மர்களின் சுருளுக்குள் போன ஈரம் அவ்வளவு சுலபத்தில் வெளியே வராது. அவற்றை வாரக்கணக்கில் உலர்த்தி, சந்தேகமிருந்தால் மாற்றிவிடுவது மேல். ஃப்ளாப்பிகளில் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடவே கூடாது. தட்டும் போகும், ஹெட்டும் போகும்.

வீடியோ கேம் பார்லர்களில் நின்ற ஆள் உயரப் பெட்டிகளை நினைத்தால்தான் மனம் அதிகம் வலிக்கிறது. ஆசாரி அடித்த பிளைவுட் பெட்டி, உள்ளே டிவி டியூப், கேம் போர்டு. வாங்குபவர்கள் முதலில் டியூபைத் தூக்கி எறிந்துவிட்டு எல்சிடி மாட்டுகிறார்கள். இந்தப் போர்டுகள் வெளியிடும் படத்தின் வரி வேகம் (நொடிக்கு எத்தனை கிடைக்கோடு என்பது) சுமார் 15.7 கிலோஹெர்ட்ஸ், நம் பழைய டிவியின் 15,625 ஹெர்ட்ஸுக்கு மிக நெருக்கம். கம்ப்யூட்டர் மானிட்டர் 31 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதிர்பார்ப்பதால் நேராக இணைத்தால் படம் நிற்காது. டியூப் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் போர்டின் விளிம்பில் 56 தொடுமுனைகள், பக்கத்துக்கு 28. 1985-ல் ஜப்பானில் வந்த ‘ஜாமா’ இணைப்பு முறை இது. தலைகீழாகச் செருகினால் போர்டு எரியும். திசை தெரிவதற்காக விளிம்பில் விட்டிருக்கும் சாவி வெட்டைப் பார்த்து மாட்டுங்கள். கேம் நடுவில் தானாக ரீசெட் ஆனால் சப்ளையில் வோல்ட் அளவை மாற்றும் திருகைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். விளிம்பில் அழுக்கு ஏறி, சப்ளையில் 5 வோல்ட் இருக்கும்போது போர்டில் 4.6 மட்டுமே வந்திருக்கும். ரப்பரால் துடைத்து, ஆல்கஹாலில் சுத்தம் செய்து, போர்டின் மேலேயே மீட்டர் வைத்து அளக்க வேண்டும். உப்புத்தாள் போட்டால் பூச்சு உரிந்துவிடும்.

டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். வெளியே சுற்றியிருக்கும் பின்னல் கம்பியோடு இணைத்த வயரால்தான் அதை இறக்க வேண்டும். பழக்கமில்லாதவர்கள் தொடவே வேண்டாம். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், டவுன் பக்கம் டியூப் டிவி பழுதுபார்த்த மூத்த மெக்கானிக்குகளைத் தேடிப் போங்கள். இதைக் கைப்படச் செய்து பழகியவர்கள் அவர்கள்தான். இளைஞர்கள் இப்போதே பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, தலைமை ஆசிரியர்களுக்கும் முதல்வர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏலப் பட்டியலில் “பழைய கணினி” என்று எண்ணிக்கை மட்டும் போடாமல் பின்பக்க லேபிளில் உள்ள மாடல் பெயரையும் எழுதி, ஒரு போட்டோவும் சேர்த்து, இரண்டு வாரம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். கூடவே வரும் ஃப்ளாப்பி, கையேடு, கீபோர்டு ஆகியவற்றைப் பிரித்து வேறு மூட்டையில் கட்டிவிடாதீர்கள். 

இப்படிக்கு,
பழைய கணினி பழுதுபார்ப்போர்,
பாளையங்கோட்டை.