புதிய சமயங்களும் பழைய ஐயங்களும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆசிய அமெரிக்கர்களின் புதிய சமய இயக்கங்களைப் பற்றி நம் நாளிதழ்கள் எழுதும்போது, பழையது மரபு, புதியது மோசடி என்னும் எண்ணம் செய்திக்குள்ளேயே கலந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஜப்பானின் ஜோதோ ஷின்ஷூ பௌத்தத்தை எடுத்துக்கொள்வோம். அதன் குருமார்கள் 1899-இல் சான் பிரான்சிஸ்கோ வந்தனர். இரண்டாம் உலகப் போரில், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் அந்நாட்டு அரசால் முள்வேலி முகாம்களில் அடைக்கப்பட்டனர். பௌத்த குருமார் பலர் அதற்கும் முன்பே கைதாகியிருந்தனர். யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் இருந்தபடியே, 1944-இல், அவர்களது அமைப்பு ‘அமெரிக்க பௌத்தத் திருச்சபைகள்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மர இருக்கை வரிசைகள், ஆர்கன் இசை, ஞாயிறு வழிபாடு என வெளித்தோற்றம் தேவாலயத்தை ஒத்திருந்தாலும், உள்ளே ஒலிப்பது அமிதாப புத்தரின் நாமமே. பகைவராக எண்ணப்பட்ட மக்கள் தங்கள் வழிபாட்டைக் காத்துக்கொண்ட வழியை எப்படிப் போலி என்பது?

வியட்நாமில் 1926-இல் முறையாக நிறுவப்பட்ட காவ் தாய், பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோவையும் புனிதராகப் போற்றும் சமயம். 1975-இல் வியட்நாம் போர் முடிந்த பின் கலிபோர்னியாவில் குடியேறிய அகதிகளுக்கு அது விட்டுவந்த ஊரின் நினைவாகவும் இருக்கிறது.

ஐயத்துக்கு இடமே இல்லை என்று நான் வாதிடவில்லை. ‘ஐக்கியத் திருச்சபை’ என்னும் இயக்கத்தை நிறுவிய கொரியாவின் சன் மியுங் மூன் அமெரிக்காவில் வரிக் குற்றத்துக்காகச் சிறை சென்றவர். ஆயினும் அங்கே அவரது இயக்கத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையின இளைஞர்கள். கொரியக் குடியேறிகள் மிகுதியாக நாடியது பிரஸ்பிடேரியன் போன்ற புராட்டஸ்டன்ட் சபைகளையே. அந்த ஒரு வழக்கின் நிழலை எல்லா ஆசியர் மீதும் படரவிடுவது நியாயமன்று.

பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆசிய அமெரிக்கர்களில் 34 விழுக்காட்டினர் கிறித்தவர். 32 விழுக்காட்டினர் எந்தச் சமயத்தையும் சாராதவர். பௌத்தரும் இந்துக்களும் தலா 11 விழுக்காடு. இத்தனை வகைப்பட்ட மக்களை ஒரே அடைமொழிக்குள் அடக்க இயலாது.

ஆகவே, இத்தகைய செய்திகளில் ஓர் இயக்கம் எப்போது, எந்தச் சூழலில் தோன்றியது என்பதற்கு இரண்டு வரியாவது ஒதுக்குமாறும், குற்றச்சாட்டு இருப்பின் அதை வழக்கு, தீர்ப்பு விவரங்களுடன் வெளியிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்