தலைவர் வித்தார்னு மட்டும் போட்டா எப்படி?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கம்பெனி தலைவரே ஷேரை வித்துட்டார்னு தலைப்பு பார்த்தாலே, உள்ள ஏதோ சரியில்லன்னு பயந்து என்னை மாதிரி சின்ன ஆளுங்க கையில இருக்கறத வித்துடறோம். 2024ல சிப் கம்பெனி என்விடியாவோட தலைவர் ஜென்சன் ஹுவாங் ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள 60 லட்சம் ஷேர் வித்தார், 70 கோடி டாலருக்கு மேல, ஆனா அதுக்கு மார்ச்லயே எப்ப, எவ்வளவு விக்கறதுன்னு பிளான் எழுதி வெச்சாச்சு, அமெரிக்கால 10பி5-1னு இதுக்கு விதியே இருக்கு, 2023ல இருந்து பெரிய பதவில இருக்கறவங்க பிளான் போட்டு குறைஞ்சது 90 நாள் காத்திருந்துதான் விக்க முடியும், வித்த 2 வேலை நாள்ல வித்த விவரத்தை ஃபார்ம் 4ங்கற படிவத்துல அரசுகிட்ட தாக்கல் பண்ணணும். முன்னாடியே போட்ட பிளானா, திடீர்னு வித்ததா, இத ஒரு வரில சொல்லுங்க சார். தலைவர் சொந்த காசுல ஷேர் வாங்கினாலும் அதே அளவு தலைப்புல போடுங்க.

ஒரு வாசகர், சேலம்